நூல் நீள்கிறது, ஜீன் வரவில்லை: ஹைப்பர்விருலன்ட் க்ளெப்சியெல்லா பரிசோதனையில் வரும் சிக்கல்கள்

காலையில், நோயாளியின் மாதிரியை வளர்த்த பிளட் அகார் பிளேட்டை (பாக்டீரியா வளர்க்கும் ரத்தம் கலந்த தட்டு) திறக்கிறீர்கள். பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டதுபோல் பெரிய, பளபளப்பான, ஒன்றோடொன்று வழிந்து சேர்ந்த காலனிகள் (பாக்டீரியா திரள்கள்). லூப்பால் (நுனியில் வளையமுள்ள கம்பி) தொட்டுத் தூக்கினால் நூல் போல இழுபட்டு வருகிறது. "ஹைப்பர்விருலன்ட் க்ளெப்சியெல்லா" (வழக்கத்தைவிடக் கொடிய க்ளெப்சியெல்லா பாக்டீரியா) என்று எழுதிவிடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த நூல் சொல்வது ஒன்று, நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. இந்தப் பரிசோதனையில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

சுருக்கமாகப் பின்னணி. சாதாரண க்ளெப்சியெல்லா நியூமோனியே பெரும்பாலும் மருத்துவமனையில், ஏற்கெனவே உடல் நலிந்தவர்களைப் பிடிக்கும். ஹைப்பர்விருலன்ட் வகை வெளியில் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரையும் தாக்கும். கல்லீரலில் சீழ்க்கட்டி கட்டும், அங்கிருந்து கண், மூளை உறை, நுரையீரல், தசை என்று பரவும். 1986இல் தைவான் மருத்துவர்கள் கல்லீரல் சீழ்க்கட்டியோடு கண்ணுக்குள்ளும் தொற்று பரவிய 7 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இந்த வகைக்கான முதல் அடையாளமாகப் பலரும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டு வகையும் ஒரே சிற்றினம் (ஸ்பீசிஸ்). பயோகெமிக்கல் சோதனை, பாக்டீரியாவின் பெயர் சொல்லும் மால்டி-டாஃப், வைட்டெக் கருவிகள் எதுவும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது ஜீன்கள். அவற்றில் பெரும்பாலானவை 200 கிலோபேஸுக்குச் சற்று மேலான ஒரு பெரிய பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டிஎன்ஏ வளையம்) உட்கார்ந்திருக்கின்றன.

பார்க்க வேண்டிய ஐந்து: ஐயுசிஏ (ஏரோபாக்டின் தயாரிப்பு), ஐஆர்ஓபி (சால்மோகெலின் தயாரிப்பு), பெக்-344, ஆர்எம்பிஏ, ஆர்எம்பிஏ2. முதல் இரண்டும் உடலிலிருந்து இரும்பைப் பறிக்கும் சிடரோஃபோர்களுக்கானவை. கடைசி இரண்டும் பாக்டீரியாவைச் சுற்றியுள்ள சர்க்கரை உறையையும் பிசுபிசுப்பையும் கூட்டும் கட்டுப்பாட்டு ஜீன்கள். இனி ஒவ்வொரு தொல்லையாகப் பார்ப்போம்.

நூல் 5 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, ஐந்து ஜீனும் நெகட்டிவ்

முதலில் நூலையே சந்தேகப்படுங்கள். காலனியை இழுத்து, நூல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பாசிட்டிவ் என்று கொள்ளும் இந்த ஸ்ட்ரிங் டெஸ்ட் பார்க்க எளிது, தவறாகச் செய்வதும் எளிது. இரவு முழுக்க 37 டிகிரியில் வளர்ந்த புதிய பிளட் அகார் பிளேட், தனித்து நிற்கும் காலனி, ஆறிய லூப். காலனியைத் தொட்டு மெதுவாக, செங்குத்தாக மேலே இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நல்ல நூலும் அறுந்துவிடும். சூடான லூப்பால் தொட்டால் காலனி வெந்து, அளவு பொய்யாகிவிடும். கண்ணால் உத்தேசிக்காமல் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். மூன்று காலனிகளில் செய்து மூன்று அளவையும் குறித்து வையுங்கள். "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதினால் நாளைக்கு உங்களுக்கே பயன்படாது.

அப்புறம், அது க்ளெப்சியெல்லாதானா என்று பாருங்கள். பிசுபிசுப்பு க்ளெப்சியெல்லாவின் தனிச்சொத்து அல்ல. மியூகாய்டு (பசைபோன்ற) ஈ. கோலை உண்டு, மியூகாய்டு சூடோமோனாஸ் உண்டு.

இரண்டும் சரி, ஜீன்களைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆரும் சரியாக ஓடியிருக்கிறது (அதை எப்படி உறுதி செய்வது என்று கீழே வருகிறது) என்றால், உங்கள் முன்னால் இருப்பது அனேகமாக வேறு வழியில் பிசுபிசுப்பான ஒரு சாதாரண க்ளெப்சியெல்லா. உறைச் சர்க்கரையைக் கோர்த்து வெளியே தள்ளும் இயந்திரத்தில் டபிள்யூஇசட்சி என்றொரு ஜீன் உண்டு. அதில் ஒரு மியூட்டேஷன் வந்தாலே போதும், ஆர்எம்பிஏ எதுவும் இல்லாமல் காலனி பசைபோல ஆகிவிடும். மருந்துக்கு மசியாத மருத்துவமனை இனங்களிலும் இது வருகிறது. இவற்றை ஹைப்பர்விருலன்ட் என்று அழைக்கக் கூடாது. "ஹைப்பர்மியூகோவிஸ்கஸ்" என்ற சொல் இதற்காகவே இருக்கிறது. நீண்ட காலம் இரண்டு சொற்களையும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகப் புழங்கியதால்தான் பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இவ்வளவு தலைவலி.

2020இல் இன்னொரு விஷயமும் தெளிவானது. பிசுபிசுப்பை நேரடியாகத் தூண்டுவது ஆர்எம்பிடி என்ற மிகச்சிறு புரதம். அதன் ஜீன் ஆர்எம்பிஏவுக்கு அடுத்தாற்போல் அதே ஓபெரானில் (ஒன்றாக இயங்கும் ஜீன் வரிசை) இருக்கிறது. உறையின் உற்பத்தியைக் கூட்டுவது அங்கேயே உள்ள ஆர்எம்பிசி. ஆக, உறை தடிமனாக இருப்பதும் நூல் நீள்வதும் ஒன்றல்ல.

நூல் வரவே இல்லை, ஆனால் நோயாளியைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது

எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சர்க்கரை நோயாளி, கல்லீரலில் சீழ்க்கட்டி, மருத்துவமனைக்கு வெளியில் பிடித்த தொற்று, பித்தநாளத்தில் அடைப்பு எதுவும் இல்லை. இப்படி ஒரு படிவம் கைக்கு வந்தால் நூல் 2 மில்லிமீட்டர்தான் வருகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நேரே பிசிஆருக்குப் போங்கள்.

காரணம் இருக்கிறது. ஆர்எம்பிஏ, ஆர்எம்பிஏ2 இரண்டிலும் தொடர்ந்து ஜி எழுத்துகளாக வரும் ஒரு பகுதி உண்டு. டிஎன்ஏ நகலெடுக்கும்போது அங்கே ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும் சகஜம். அப்படி வழுக்கினால் புரதம் பாதியில் நின்றுவிடும். பிசிஆர் அந்த ஜீனை "இருக்கிறது" என்றே காட்டும், நூல் மட்டும் வராது. சீனாவில் பரவிய எஸ்டி11 (ஜீன் வரிசை வகை எண் 11) வகைகளில், கார்பபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாததும் இந்தப் பிளாஸ்மிடை ஏந்தியதுமான இனங்களில், இது அடிக்கடி காணப்படுகிறது. ஸ்ட்ரிங் டெஸ்டை மட்டும் நம்பும் ஆய்வகம் கோட்டை விடுவது இவற்றைத்தான்.

வளர்ப்பு ஊடகமும் ஒரு காரணம். ஆர்எம்பிஏவின் வெளிப்பாட்டை இரும்பின் அளவு கட்டுப்படுத்துகிறது. இரும்பு தாராளமாகக் கிடைத்தால் அது அடங்கும். அதனால் ஒரு பிளேட்டில் நீண்ட நூல் இன்னொன்றில் நீளாமல் போகலாம். எந்த ஊடகம் என்பதை முடிவு செய்து, அதையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

உறை வகையை வைத்து மட்டும் முடிவு கட்டவும் வேண்டாம். கே1, கே2 இரண்டும் அதிகம் என்பது உண்மை. ஆனால் கே5, கே20, கே54, கே57 வகைகளிலும் ஹைப்பர்விருலன்ட் இனங்கள் வருகின்றன. பழைய நெறிமுறைகளில் "மேக்ஏ பிசிஆர்" என்று இருந்தால் அது கே1 உறைக்கு மட்டுமே உரிய ஜீன் என்பதை நினைவில் வையுங்கள். மேக்ஏ நெகட்டிவ் என்றால் கே1 இல்லை, அவ்வளவுதான். கே2 இனம் அந்த வலையில் சிக்கவே சிக்காது. உங்கள் ஆய்வகத்தில் இன்னும் அந்த ஒரு ப்ரைமர் (பிசிஆரில் ஜீனைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மட்டும்தான் இருக்கிறது என்றால் இன்றே ஐயுசிஏ ப்ரைமருக்கு ஆர்டர் போடுங்கள்.

பிசிஆரில் எதுவுமே வரவில்லை, எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஜீன் கன்ட்ரோல்கூட இல்லை

ஒரு முறை இதனால் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன். கல்லீரல் சீழிலிருந்து வந்த ஐசோலேட் (மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா), நூல் 20 மில்லிமீட்டருக்கு மேல். பிசிஆர் முடிவைக் கோடுகளாகக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடுகூட இல்லை. ப்ரைமரைத் திட்டினேன், மாஸ்டர் மிக்ஸை மாற்றினேன், தெர்மல் சைக்கிளரின் மேல் சந்தேகம் வந்தது. கடைசியில் டெம்ப்ளேட்டை (சோதிக்கும் டிஎன்ஏ கரைசல்) பத்து மடங்கு நீர்த்துப் போட்டேன். ஐந்து ஜீனும் வரிசையாக வந்து நின்றன.

என்ன நடந்தது? கொதிக்க வைத்து டிஎன்ஏ எடுக்கும் முறையில் உறைச் சர்க்கரையும் சேர்ந்து கரைசலுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பாலிசாக்கரைடு பிசிஆரைத் தடுக்கும். எந்த இனத்தை நாம் தேடுகிறோமோ அதுவே அதிக உறையோடு இருப்பதால், தேடும் இனத்திலேயே சோதனை தோற்கிறது. இந்த முரண்பாட்டை மனதில் பதிய வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

செய்ய வேண்டியது இதுதான். காலனியை முழுதாக அள்ளாதீர்கள். ஊசி முனையளவு தொட்டு 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில் நன்றாகக் கலக்குங்கள். 95 டிகிரிக்கு மேல் 10 நிமிடம் வைத்து, வேகமாகச் சுழற்றி, மேலே தெளிந்த திரவத்தை மட்டும் எடுங்கள். அதை அப்படியே ஒரு குழாயிலும், பத்து மடங்கு நீர்த்ததை இன்னொரு குழாயிலும் போடுங்கள். நீர்த்ததில் மட்டும் கோடு வந்தால் தடுப்பான் இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் வரவில்லை என்றால் வடிகுழாய் (ஸ்பின் காலம்) வைத்த கிட்டில் டிஎன்ஏவைச் சுத்திகரியுங்கள்.

16எஸ் போன்ற உள் கன்ட்ரோல் வராத ஓட்டத்தை "நெகட்டிவ்" என்று அறிக்கையில் எழுதவே கூடாது. அது "செல்லாது". நெகட்டிவ் என்ற சொல்லுக்கு உரிமை உள்ளது கன்ட்ரோல் வந்த குழாய்க்கு மட்டும்தான்.

தெரிந்த பாசிட்டிவ் இனம் ஒன்றும், டெம்ப்ளேட் இல்லாத குழாய் ஒன்றும் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். டெம்ப்ளேட் இல்லாத குழாயில் கோடு வந்தால் அன்றைய முடிவுகள் முழுவதையும் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். மனசு வராதுதான்.

ஐந்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் பாசிட்டிவ்

இதற்கு ஒரே பதில் கிடையாது. எது வந்தது என்பதைப் பொறுத்தது.

ஐயுசிஏ மட்டும் வந்தால் முதலில் கலப்பைச் சந்தேகப்படுங்கள். ஏரோபாக்டின் ஈ. கோலையிலும் பரவலாக உண்டு. பிளேட்டில் க்ளெப்சியெல்லா காலனிக்கு அடியில் ஈ. கோலை ஒளிந்திருந்தால், பிசுபிசுப்போடு அதையும் சேர்த்து அள்ளியிருப்பீர்கள். மெக்கான்கி பிளேட்டில் தனித்தனிக் காலனியாகப் பிரித்து, ஈ. கோலையைக் காட்டிக்கொடுக்கும் இன்டோல் சோதனை பார்த்து, மறுபடி பிசிஆர் செய்யுங்கள். சீழிலிருந்தோ மலத்திலிருந்தோ நேரடியாகப் பிசிஆர் செய்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். ஐயுசிஏவும் ஐஆர்ஓபியும் வேறு பாக்டீரியாவிலும் இருப்பவை என்பதால், நேரடி மாதிரியில் அவை வந்தாலே க்ளெப்சியெல்லா என்று ஆகிவிடாது.

ஆர்எம்பிஏவும் ஐஆர்ஓபியும் வந்து ஐயுசிஏ வராமல் இருந்தால்? இந்த இரண்டும் பிளாஸ்மிடில் மட்டும் இருப்பவை அல்ல. குரோமோசோமுக்குள் புகுந்து உட்காரும் ஐசிஇகேபி1 என்ற நகரும் துண்டிலும் இவை உண்டு. பிளாஸ்மிட் இல்லாமலேயே இந்த இரண்டும் வரலாம். பிளாஸ்மிட் இழந்த இனமாகவும் இருக்கலாம்.

ஐந்தும் ஒன்றாக வந்தால்தான் பிளாஸ்மிட் முழுதாக இருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஹைப்பர்விருலன்ட் என்று சொல்ல இன்றைக்கு நம்மிடம் உள்ள நல்ல அடையாளம் அதுவே. பாதி வந்தால் பாதி என்றே எழுதுங்கள். எதையும் இழுத்துப் பொருத்த வேண்டாம். முழு ஜீனோம் வரிசை எடுக்க வசதி இருந்தால் இந்த இடத்தில்தான் அது காசுக்குப் பலன் தரும். க்ளெபோரேட் என்ற மென்பொருள் ஆர்எம்பிஏ பாதியில் உடைந்திருந்தால் அதையும் சொல்லும், 0 முதல் 5 வரை வீரிய மதிப்பெண்ணும் தரும். ஏரோபாக்டின் இருந்தால் மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த மதிப்பெண் யெர்சினியாபாக்டின், கோலிபாக்டின், ஏரோபாக்டின் மூன்றை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. ஆர்எம்பிஏ அதில் சேராது, தனியாகப் பார்க்க வேண்டும்.

சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியும் அடியில் படியவில்லை

ரத்தக் கல்ச்சர் பாட்டில் பாசிட்டிவ் ஆகிறது. நேரடியாக மால்டி-டாஃப் போட, வழக்கம்போல் சுழற்றுகிறீர்கள். அடியில் கெட்டியாக எதுவும் இல்லை, மேலே திரவம் கலங்கலாகவே நிற்கிறது. கருவியில் கோளாறு இல்லை. பிசுபிசுப்பான செல்கள் மெதுவான சுழற்சியில் படியாது. 1000 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 1000 மடங்கு விசை) 5 நிமிடம் சுற்றி, மேலே எவ்வளவு கலங்கல் மிஞ்சுகிறது என்று அளப்பது பிசுபிசுப்பை எண்ணாகச் சொல்லும் ஒரு முறையாகவே இருக்கிறது. லூப்பை இழுக்கும் கைக்கேற்ப மாறும் ஸ்ட்ரிங் டெஸ்டைவிட இது நம்பகமானது.

படிய வைக்க வேண்டுமா? வேகத்தைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள், சலைனில் இரண்டு முறை கழுவுங்கள். அப்படியும் மால்டி-டாஃப் பெயர் சொல்லவில்லை என்றால் பாட்டிலிலிருந்து ஒரு துளியைப் பிளேட்டில் போட்டு 4 மணி நேரம் வளர்த்து, மெல்லிய படலமாக வரும்போதே எடுத்துப் பாருங்கள். இளம் வளர்ச்சியில் உறையின் தொல்லை குறைவு. ஸ்லைடில் பூசியதன் மேல் 70 சதவீத ஃபார்மிக் அமிலம் ஒரு துளி விட்டால் இன்னும் நல்லது.

கிராம் சாயத்திலும் இதே குணம் காட்டும். கெட்டியாகப் பூசினால் ஊதா நிறம் கழுவப்படாமல் தங்கி, கிராம் நெகட்டிவ் கோல் பாசிட்டிவ் போலத் தெரியும். மெல்லிசாகப் பூசுங்கள். கோலைச் சுற்றி நிறம் ஏறாத வளையம் தெரிந்தால் அது உறை.

சீழில் எதுவும் வளரவில்லை

பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். கட்டியின் நடுவிலிருந்து எடுத்த சீழைவிட, சுவரை ஒட்டி எடுத்ததில் உயிருள்ள பாக்டீரியா கிடைக்க வாய்ப்பு அதிகம். ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) வேண்டாம், ஊசியில் எடுத்த சீழையே கேளுங்கள். அதோடு எடுத்த ரத்தக் கல்ச்சரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சீழ் மௌனமாக இருந்தாலும் ரத்தம் சில சமயம் பேசும். அமீபா கட்டியாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு சீரம் பரிசோதனை தனி.

கண்ணிலிருந்து வரும் விட்ரியஸ் (கண்ணுக்குள் இருக்கும் கூழ்) மாதிரி 0.1 முதல் 0.2 மில்லிலிட்டர்தான் இருக்கும். அதைக் குளிர்பெட்டியில் வைக்காமல், வந்த கையோடு சாக்லெட் அகாரிலும் பிளட் அகாரிலும் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால்தான் ஸ்லைடும் பிசிஆரும்.

போன வாரம் பாசிட்டிவ், இன்று நெகட்டிவ்

அதே ஐசோலேட், அதே ப்ரைமர். நடுவில் நான்கைந்து முறை மறுவளர்ப்பு செய்திருப்பீர்கள். அந்தப் பெரிய பிளாஸ்மிட் ஆய்வகத்தில் சும்மா சுமையாக இருப்பதால் சில செல்கள் அதை உதறிவிடும். பிளேட்டைக் கவனமாகப் பார்த்தால் பசைபோன்ற காலனிகளுக்கு நடுவே தட்டையான, பளபளப்பு குறைந்த காலனிகள் சில தெரியும். இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பிசிஆர் செய்யுங்கள். ஒன்றில் ஐந்து ஜீனும், மற்றொன்றில் ஒன்றும் இல்லாமலும் வந்தால் விடை கிடைத்தது. முதல் பிளேட்டிலிருந்தே 20 சதவீத கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் இரண்டு குப்பி வைத்துவிடுவதுதான் வழி. ஐசோலேட்டை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தக் குப்பியிலிருந்து அனுப்புங்கள், பத்தாவது மறுவளர்ப்பிலிருந்து அல்ல.

மருந்து உணர்திறன் எல்லாவற்றுக்கும் "சென்சிடிவ்", அதனால் சாதாரண இனம்தானே?

இல்லை. ஆம்பிசிலினைத் தவிர எல்லாவற்றுக்கும் மசிவது பழைய ஹைப்பர்விருலன்ட் இனங்களின் வழக்கமான குணம். ஆம்பிசிலினுக்கு மசியாதது எல்லா க்ளெப்சியெல்லா நியூமோனியேவுக்கும் பிறவிக் குணம். மறுபக்கம், மருந்துக்கு மசியாததால் வீரியம் இருக்காது என்ற எண்ணமும் இப்போது செல்லாது. கார்பபெனெமை உடைக்கும் கார்பபெனெமேஸ் நொதியை ஏந்திய எஸ்டி23 ஹைப்பர்விருலன்ட் இனம் பல நாடுகளில் தென்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் எச்சரித்தது. இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

செய்முறையில் ஒரு சிக்கல்: மருந்து உணர்திறன் சோதனைக்காக 0.5 மெக்ஃபார்லண்ட் (குறித்த கலங்கல் அளவு) கலவை தயாரிக்கும்போது காலனி சலைனில் கரையாமல் கயிறுகயிறாக மிதக்கும். கலங்கல் மீட்டர் ஏதோ ஒரு எண் காட்டும், உண்மையில் பாக்டீரியா கட்டிகட்டியாக இருக்கும். வோர்டெக்ஸில் நன்றாகக் கலக்கி, சில நிமிடம் அப்படியே வைத்து, கட்டிகள் அடங்கிய பின் மறுபடி அளவு பாருங்கள்.

எல்லாம் முடிந்தது, அறிக்கையில் என்ன எழுதுவது?

"ஹைப்பர்விருலன்ட்" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் அனுப்பினால் வார்டில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. நான் எழுதுவது இப்படி: "க்ளெப்சியெல்லா நியூமோனியே வளர்ந்துள்ளது. ஸ்ட்ரிங் டெஸ்ட் 12 மி.மீ. ஐயுசிஏ, ஐஆர்ஓபி, பெக்-344, ஆர்எம்பிஏ, ஆர்எம்பிஏ2 ஐந்தும் கண்டறியப்பட்டன. ஹைப்பர்விருலன்ட் இனமாக இருக்க மிக வாய்ப்புள்ளது. தொற்று வேறு உறுப்புகளுக்குப் பரவியுள்ளதா எனப் பார்க்கவும்." நூல் மட்டும் வந்திருந்தால், "ஹைப்பர்மியூகோவிஸ்கஸ், ஜீன் பரிசோதனை நடக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுவேன்.

பிசிஆர் முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கல்லீரல் சீழில் பசைபோன்ற க்ளெப்சியெல்லா வந்த அன்றே வார்டுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நோயாளிக்குக் கண் மங்குகிறதா, வலிக்கிறதா? ஆம் என்றால் கண் மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டும். கண்ணுக்குள் போன தொற்று ஜெல் ஓடி முடியும் வரை காத்திருக்காது.